பேண்ட்சா பிளேடு ஒரு பக்கமாக இழுக்கிறது: பழைய தேக்குத் தூணை நேராக அறுக்க எதை முதலில் சரி செய்வது?

சிரியம் பட்டறை

எல்லோருக்கும் வணக்கம். பூஜை அறைக் கதவு வேலை ஒன்று கையில் இருக்கிறது. பழைய வீடு ஒன்றைப் பிரித்ததில் வந்த தேக்குத் தூண்கள், ஒவ்வொன்றும் 6 அங்குலச் சதுரம், அருமையான மரம், இழைத்த இடத்தில் இன்னும் எண்ணெய் வாசம் வருகிறது. இதை நெட்டுவாக்கில் அறுத்து 4 நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) கனப் பலகையாக்கி, அடுத்தடுத்து வரும் பலகைகளை ரேகை ஒத்து வரும்படி ஜோடி சேர்க்க வேண்டும். வாடிக்கையாளர் கேட்டதே அந்த ரேகைக்காகத்தான்.

மிஷின் 14 அங்குல பேண்ட்சா (இரண்டு சக்கரங்களின் மேல் வளையமாக ஓடும் பட்டை ரம்பம்), வார்ப்பிரும்பு உடம்பு, 1 குதிரைசக்தி மோட்டார், செகண்ட் ஹேண்டில் ரங்கூனில் எடுத்தது. பிளேடு 4 நூல் அகலம், அங்குலத்துக்கு 6 பல். ஃபென்ஸை, அதாவது கட்டையை ஒட்டித் தள்ளும் நேர்சட்டத்தை, வைத்துத் தள்ளினால் முதல் முக்கால் அடி ஒழுங்காகப் போகிறது. அப்புறம் பிளேடு மெல்ல வெளிப்பக்கம் ஓட ஆரம்பிக்கிறது, கட்டையை ஃபென்ஸோடு அழுத்திப் பிடித்தாலும் நிற்பதில்லை. அறுத்த பலகையை நிறுத்திப் பார்த்தால் நடுவில் வயிறு வேறு தள்ளியிருக்கிறது: மேல் விளிம்பில் 4 நூல், நடுவில் 5, கீழே மறுபடி 4. பிளேடின் இறுக்கம் காட்டும் டென்ஷன் ஸ்கேலில் முள் சரியான கோட்டில்தான் நிற்கிறது. பிளேடை இரண்டு பக்கமும் தாங்கும் கைடை நெருக்கி வை என்கிறார் ஒருவர், ஃபென்ஸைச் சாய்த்து வை என்கிறார் இன்னொருவர். மரம் திரும்பக் கிடைக்காத மரம், அதனால் கேட்டுவிட்டுத் தொடலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பசுண்டாங் கார்ப்பெண்டர்

தம்பி, ஒவ்வொரு பிளேடுக்கும் அதற்கென்று ஒரு இழுப்பு உண்டு, அதோடு சண்டை போடாதீர்கள். வேண்டாத நேரான கட்டை ஒன்றில், விளிம்புக்கு இணையாகப் பென்சிலில் கோடு போடுங்கள். ஃபென்ஸை எடுத்துவிட்டு, வெறும் கையால் அந்தக் கோட்டின் மேலேயே ஒரு அடி தூரம் அறுங்கள். கோட்டிலேயே பிளேடு நிற்க வேண்டுமென்றால் கட்டையைக் கொஞ்சம் சாய்த்துத்தான் தள்ள வேண்டியிருக்கும், அதை உங்கள் கையே சொல்லும். பாதியில் மிஷினை நிறுத்துங்கள், கட்டையை அசைக்காமல் அதன் ஓரத்தை ஒட்டி டேபிளில் ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டுக்கு இணையாக ஃபென்ஸை வைத்து இறுக்கினால் போதும். என் பட்டறையில் இப்படித்தான் ஓடுகிறது.

மோல்மீன் அறுப்பு

பசுண்டாங் தம்பி சொன்ன வழி வேலை செய்யும், ஆனால் இங்கே அதை முதலில் செய்யக் கூடாது. சிரியம் தம்பி, உங்களிடம் இரண்டு கோளாறுகள் கலந்து கிடக்கின்றன. பிளேடு ஒரே பக்கம் ஓடுவது ஒன்று, நடுவில் வயிறு தள்ளுவது இன்னொன்று. ஃபென்ஸை எத்தனை சாய்த்தாலும் அந்த வயிறு போகாது, ஏனென்றால் மேலும் கீழும் பிளேடு இடத்தில்தான் இருக்கிறது, மரத்துக்குள்ளே நடுவில் மட்டும் வளைந்து போயிருக்கிறது.

வயிற்றை முதலில் பார்ப்போம். 6 அங்குல உயரத்தில் அங்குலத்துக்கு 6 பல் என்றால் ஒரே சமயத்தில் 36 பல் மரத்துக்குள் நிற்கிறது. ஒவ்வொரு பல்லும் சீவிய தூளை, தனக்கு முன்னால் இருக்கும் குழியில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி டேபிளுக்கு அடியில் கொட்ட வேண்டும். அந்தச் சின்னக் குழி பாதி வழியிலேயே நிரம்பிவிடும். நிரம்பிய பிறகு பல் மரத்தைச் சீவாது, அடைந்த தூள்தான் மரத்தை உரசிக்கொண்டு இறங்கும். நீங்கள் பின்னாலிருந்து தள்ளத் தள்ள, முன்னால் போக வழியில்லாத பிளேடு பக்கவாட்டில் வளைகிறது. அறுத்த முகத்தில் அங்கங்கே பழுப்பாகக் கருகல் கோடு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இதேதான்.

இந்த உயரத்துக்கு அங்குலத்துக்கு 3 பல், கொக்கிப் பல் உள்ள பிளேடு வேண்டும். உங்களிடம் இருக்கும் 6 பல் பிளேடை எறிய வேண்டாம், முக்கால் அங்குலம், ஒரு அங்குலப் பலகைக்கு அது நல்ல பிளேடு. மெல்லிய மரத்தில் எப்போதும் குறைந்தது 3 பல்லாவது மரத்துக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் மாட்டிக்கொண்டு தெறிக்கும்.

அடுத்தது இழுப்பு. பழைய தூண் என்கிறீர்கள், அப்படியானால் ஆணியைத் தேடினீர்களா? ஒரு ஆணியை பிளேடின் ஒரு பக்கம் உரசினாலே அந்தப் பக்கத்துப் பற்கள் மழுங்கிவிடும். அதற்கப்புறம் பிளேடு கூர்மையாக இருக்கிற பக்கமாகவே போகும், வாழ்நாள் முழுக்கப் போகும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, டார்ச்சை அடித்துப் பற்களின் நுனியை ஒவ்வொன்றாகப் பாருங்கள். கூரான நுனி வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது. மழுங்கிய நுனியில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி மின்னும். இடப்பக்கம் சாய்ந்த பற்களில் மட்டும் மின்னுகிறது, வலப்பக்கத்தில் இல்லை என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, வேறு எந்தத் திருகையும் தொட வேண்டாம்.

தேக்கைப் பற்றி ஒன்று. இந்த மரத்துக்குள் சிலிக்கா இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத மணல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆணியே இல்லாத சுத்தமான தேக்கும் சாதாரணக் கார்பன் ஸ்டீல் பிளேடை வேகமாக மழுக்கும். பெரிய மில்களில் பல் நுனியில் ஸ்டெல்லைட் என்ற கடினமான உலோகக் கலவையை வைத்து அறுப்பது அதனால்தான். சின்னப் பட்டறைக்கு பைமெட்டல் பிளேடு (பல்லுக்குக் கடினமான ஸ்டீல், முதுகுக்கு வளையும் ஸ்டீல்) கட்டுப்படியாகும். கார்பன் பிளேடுதான் என்றால் மழுங்கிய உடனே மாற்றுகிற மனசு வேண்டும்.

சிரியம் பட்டறை

ஐயா, கருகல் இருக்கிறது, பழுப்புப் பட்டை பட்டையாக. டார்ச் அடித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் மின்னுகிறது, ஆனால் வெளிப்பக்கம் குறைவாக. பிளேடு ஓடுவதும் வெளிப்பக்கம்தான். 3 பல் பிளேடுக்குச் சொல்லிவிட்டேன், நாளை மறுநாள் வரும். அது வந்ததும் மிஷினை எந்த வரிசையில் செட் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே வைத்திருந்தவர் கைடு, சக்கரம் எல்லாவற்றையும் எப்படி விட்டிருக்கிறார் என்றே தெரியவில்லை.

மோல்மீன் அறுப்பு

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். வரிசைதான் முக்கியம், ஏனென்றால் பின்னால் வருவது ஒவ்வொன்றும் முன்னால் செய்ததன் மேல்தான் நிற்கிறது.

பழைய பிளேடைக் கழற்றியதும் மேல் கைடு, கீழ் கைடு, பின்னால் இருக்கிற தாங்கு பேரிங் எல்லாவற்றையும் பிளேடுக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிடுங்கள். அப்புறம் இரண்டு சக்கரத்து ரப்பரையும் விரலால் தடவிப் பாருங்கள். தேக்குத் தூள் எண்ணெய்ப் பசையோடு அப்பிக் கல் மாதிரி இறுகியிருக்கும், கீழ்ச் சக்கரத்தில்தான் அதிகம். அந்த ஒரு கட்டி ஒவ்வொரு சுற்றிலும் பிளேடைத் தூக்கிப் போடும். மழுங்கின உளியால் மெல்லச் சுரண்டி, துணியில் கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டுத் துடையுங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, சக்கரத்தை விட்டுக் கழன்று வந்தாலோ முதலில் அதை மாற்றுங்கள், மேற்கொண்டு எதுவும் செய்து பயனில்லை.

இனி புது பிளேடு. பல் டேபிளைப் பார்த்துக் கீழ்நோக்கி இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் பிளேடை உள்வெளியாகத் திருப்பிப் போடுங்கள். முதலில் டென்ஷன், அதற்குப் பிறகுதான் சக்கரச் சாய்வு. டென்ஷன் மாறினால் பிளேடு நிற்கிற இடமும் மாறும் என்பதால் இதை மாற்றிச் செய்தால் இரண்டு வேலை. டென்ஷன் வைத்ததும் மேல் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே பின்பக்கச் சாய்வுத் திருகைக் கால் சுற்று, கால் சுற்றாகத் திருப்புங்கள், பிளேடு முன்னும் பின்னும் நகர்வது தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் 14 அங்குலச் சக்கரத்து ரப்பர் தட்டையாக இருக்காது, நடுவில் லேசாக மேடு கட்டியிருக்கும். பிளேடு அந்த மேட்டின் உச்சியில் நின்றால் நேராகப் பார்க்கும். முன்சரிவில் நின்றாலோ பின்சரிவில் நின்றாலோ முகம் ஒரு இம்மி திரும்பிவிடும். அந்த இம்மிதான் அறுக்கும்போது இழுப்பாக வெளியே தெரியும். ஆகவே பிளேடின் பல் குழிகள் மேல் சக்கரத்தின் நடுக்கோட்டில் வரும்படி வையுங்கள். வைத்துவிட்டு வேண்டாத கட்டையில் ஃபென்ஸோடு அறுத்துப் பாருங்கள். இன்னும் கொஞ்சம் இழுத்தால் சாய்வுத் திருகை எட்டில் ஒரு பங்கு திருப்பி மறுபடி பாருங்கள். கூரான பிளேடில் இது பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெரிய இத்தாலி மிஷின்களில் தட்டை ரப்பர் உண்டு, அதில் அகல பிளேடின் பல் சக்கர விளிம்புக்கு வெளியே நிற்க வேண்டும். அந்தக் கணக்கு வேறு, உங்களுக்கு வேண்டாம்.

பசுண்டாங் கார்ப்பெண்டர்

அண்ணே, மரியாதையோடு மறுக்கிறேன். சாய்வை எவ்வளவு திருத்தினாலும் இழுக்கிற பிளேடுகள் இருக்கின்றன. பல் விரிப்பு, அதாவது பற்கள் இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கும் அளவு, ஒரு பக்கம் கூடுதலாக இருந்தே வருகிறது, புது பிளேடிலும் பார்த்திருக்கிறேன். அப்போது ஃபென்ஸைத்தானே திருப்ப வேண்டும்?

மோல்மீன் அறுப்பு

அப்போது திருப்பலாம் தம்பி, அதை நான் மறுக்கவில்லை. மழுங்கிக்கொண்டு வரும் பிளேடில் கையிலிருக்கும் வேலையை முடித்தாக வேண்டும் என்றாலும் திருப்பலாம். ஆனால் அதையே வழக்கமாக வைத்தால் ஒவ்வொரு பிளேடு மாற்றும்போதும் ஃபென்ஸைத் திருப்ப வேண்டும், டேபிளில் கோணச்சட்டம் ஓடும் மைட்டர் பள்ளத்தில் வைத்துக் குறுக்கே அறுத்தால் அது வேறு கோணம் காட்டும். ஒரே ஒரு தடவை உட்கார்ந்து, நல்ல பிளேடைப் போட்டு, சக்கர மேட்டில் நடுவாக நிறுத்தி, டேபிளுக்கு அடியில் இருக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி டேபிளையே பிளேடுக்கு இணையாகத் திருப்பி இறுக்கிவிட்டால், பள்ளமும் ஃபென்ஸும் பிளேடும் ஒன்றாகிவிடும். அதற்குப் பிறகு எந்த பிளேடாவது இழுத்தால் கோளாறு பிளேடில்தான் என்று தைரியமாகச் சொல்லலாம். இல்லையென்றால் எது தப்பு என்று தெரியாமலே மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருப்போம்.

பெகு வெல்டிங்

டென்ஷனைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லை. ஸ்கேலில் இருக்கும் முள்ளை நம்பாதீர்கள் சிரியம் அண்ணே. அது பிளேடின் இழுவிசையை அளக்கவில்லை, ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியது என்பதைத்தான் காட்டுகிறது. பழைய மிஷினில் ஸ்பிரிங் சோர்ந்து போயிருக்கும், முள் அதே கோட்டில் நிற்கும், பிளேடு தொளதொளவென்று இருக்கும். ஸ்பிரிங் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் அளவுக்கு அமுங்கியிருந்தால் வேலை முடிந்தது, புதிதாக வாங்கிப் போடுங்கள்.

சரியாக அளக்க வேண்டும் என்றால் டிஜிட்டல் காலிப்பர் ஒன்று போதும். பிளேடில் சும்மா தொய்வு போகும் அளவுக்கு மட்டும் இறுக்கி, காலிப்பரின் இரண்டு தாடைகளையும் 150 மில்லிமீட்டர் இடைவெளியில் சின்ன கிளாம்ப் போட்டு பிளேடோடு பிடித்துவிட்டு, திரையைப் பூஜ்யமாக்குங்கள். இனி டென்ஷன் திருகை இறுக்க இறுக்க பிளேடு நீள்வது அப்படியே தெரியும். 0.07 மில்லிமீட்டர் நீண்டால் சதுர மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 100 நியூட்டன் இழுவிசை. சாதாரணக் கார்பன் பிளேடுக்கு 0.07 முதல் 0.1 வரை போதும். பைமெட்டல் பிளேடு இன்னும் தாங்கும், ஆனால் 14 அங்குல வார்ப்பிரும்பு உடம்பு அவ்வளவு தாங்காது, அதனால் அந்த மிஷினில் 4 நூலுக்கு மேல் அகலமான பிளேடைப் போடாதீர்கள். 6 நூல் பிளேடு உள்ளே நுழையும்தான், அதற்குத் தேவையான இழுவிசையை மிஷின் கொடுக்காது. அகலம் கூடிய, தொய்ந்த பிளேடைவிட நன்றாக இழுத்துக் கட்டிய 4 நூல் பிளேடு நேராக அறுக்கும்.

காலிப்பர் இல்லையென்றால்: கைடுகளைத் தள்ளிவிட்டு, கதவை மூடி, மிஷினை ஓடவிட்டு, டென்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். ஒரு கட்டத்தில் பிளேடு படபடவென்று அதிர ஆரம்பிக்கும். அங்கிருந்து இறுக்கிக்கொண்டே வந்து, அதிர்வு நிற்கும் இடத்தில் இன்னும் கால் சுற்று. வளைவு வெட்டுக்கும் சின்னப் பலகைக்கும் இதுவே நிறைய. 6 அங்குலத் தேக்கைப் பிளக்க இன்னும் கொஞ்சம் இறுக்கம் வேண்டும்.

சிரியம் பட்டறை

தம்பி, இந்த காலிப்பர் வழி எனக்குப் புதிது, நன்றி. கைடுகளை எவ்வளவு நெருக்கி வைப்பது? நான் பார்த்த வரை ஆளுக்கு ஒரு அளவு சொல்கிறார்கள்.

மோல்மீன் அறுப்பு

பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் ஒரு காகிதம் நுழைந்து வர வேண்டும். சாதாரண எழுதும் தாளைக் கிழித்து இரண்டு பக்கமும் வைத்து, கைடைக் கொண்டுவந்து தாளைத் தொட்டு இறுக்கி, தாளை உருவுங்கள். கைடின் முன்விளிம்பு பல் குழிக்குச் சற்றுப் பின்னாலேயே நிற்கட்டும், பல்லில் பட்டால் விரிப்பு ஒரே நொடியில் போய்விடும். பின்னால் உள்ள தாங்கு பேரிங்குக்கும் பிளேடு முதுகுக்கும் அரை மில்லிமீட்டருக்குள் இடைவெளி. மிஷின் சும்மா ஓடும்போது அந்த பேரிங் சுற்றக் கூடாது, மரம் பட்டதும்தான் சுற்ற வேண்டும். சும்மா ஓடும்போதே சுற்றினால் பிளேடு முதுகு தேய்ந்து இறுகி வெடிக்கும்.

கைடு வைத்ததும் பிளேடு ஒரு பக்கம் நகர்ந்தால் கைடைத் தப்பாக வைத்திருக்கிறீர்கள். பிளேடு தானாக எங்கே ஓடுகிறதோ அங்கேதான் கைடு போக வேண்டும்.

மேல் கைடுத் தண்டைக் கடைசி வரை இறக்கியும் ஏற்றியும் இடைவெளியைப் பாருங்கள். பல பழைய மிஷின்களில் தண்டு செங்குத்தாக இறங்காது. கீழே காகித இடைவெளி இருக்கும், 6 அங்குலம் ஏற்றினால் ஒரு பக்கம் உரசும். அப்படி இருந்தால் அறுக்கப் போகும் உயரத்தில் தண்டை நிறுத்திவிட்டு அங்கே வைத்துக் கைடைச் செட் செய்யுங்கள். மரத்துக்கு மேலே 2 நூல் இடைவெளி போதும், அதற்கு மேல் விட்டால் பிளேடு ஆடும், கைக்கும் ஆபத்து.

டேபிளின் செங்குத்துக்கு மூலைமட்டத்தை பிளேடின் தட்டை முகத்தில் வையுங்கள், பல்லில் வைக்காதீர்கள். அதை இன்னும் துல்லியமாகப் பார்க்க: உயரமான கட்டை ஒன்றின் முகத்தில் பிளேடு ஒரு நூல் ஆழம் இறங்கும்படி அறுத்து, மிஷினை நிறுத்தி, கட்டையைப் பின்பக்கம் கொண்டுபோய் அந்தத் தடத்தை பிளேடின் முதுகுக்கு நேரே காட்டுங்கள். முதுகு மேலிருந்து கீழ் வரை தடத்துக்குள் வழுக்கிக்கொண்டு நுழைந்தால் டேபிள் செங்குத்து. ஒரு முனை மட்டும் இடித்தால் அந்த வித்தியாசத்தில் பாதிதான் டேபிளின் சாய்வு, அதற்கேற்பத் திருத்துங்கள்.

செதுக்கல்

நான் கோயில் வாகனங்களுக்கு வேலை செய்கிறேன், எனக்கு வேண்டியது வளைவு வெட்டு, அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன். மயிலின் தோகை, அன்னத்தின் கழுத்து எல்லாம் 4 நூல் பிளேடில் வராது. 4 நூல் பிளேடு இரண்டரை அங்குல ஆரத்துக்குக் குறைவாகத் திரும்பாது. 2 நூல் பிளேடு 5 நூல் ஆரத்தில் திரும்பும். ஒரு நூல் பிளேடு ஒன்றரை நூல் ஆரத்திலேயே திரும்பிவிடும். அதற்கு மேல் திருப்பினால் பிளேடு முறுகி, சக்கரத்தை விட்டு வெளியே வரும்.

ஒரு நூல் பிளேடுக்கு இரும்புக் கைடு ஆகாது, பல்லைத் தின்றுவிடும். நான் பிங்காடோ கட்டையைக் கைடு அளவுக்கு அறுத்து, எண்ணெயில் ஊறப் போட்டு வைத்திருக்கிறேன். நம் ஊர் இரும்பு மரம், சட்டென்று தேயாது, பல் பட்டாலும் பல்லுக்குச் சேதமில்லை. தேய்ந்ததும் முனையை மட்டும் அறுத்துவிட்டு மறுபடி போடலாம். இந்தக் கட்டையை பிளேடோடு ஒட்டியே வைக்கலாம், காகித இடைவெளி வேண்டாம்.

உருண்டைக் கட்டையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாகனத்தின் தண்டு, கம்பு எதையாவது டேபிளில் அப்படியே வைத்து அறுக்காதீர்கள். பல் பிடித்த வேகத்தில் கட்டை உருளும், பிடித்த கையையும் சேர்த்து இழுக்கும். வி வடிவப் பள்ளம் வெட்டிய பலகையில் படுக்க வைத்து, திருகு போட்டுப் பிடித்துத்தான் அறுக்க வேண்டும். பங்குனி உத்திரத்துக்கு முன் அவசரமாக வேலை ஓடும் பட்டறைகளில் இதைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

படாக் என்ற செம்மரம், தேக்கு இரண்டின் தூளும் மூக்குக்கும் தோலுக்கும் ஆகாது. சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துவிடும். மாஸ்க் இல்லாமல் தூணைப் பிளக்க நிற்காதீர்கள் அண்ணா.

பசுண்டாங் கார்ப்பெண்டர்

தங்கச்சி சொன்ன பிங்காடோ யோசனை நன்றாக இருக்கிறது, நானும் செய்து பார்க்கிறேன்.

ஆபத்து என்ற பேச்சு வந்ததால் ஒன்று. நமக்குக் கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. அறுத்துக்கொண்டிருக்கும்போது போய்விட்டால் பிளேடு மரத்துக்குள் நிற்கும். நாம் அதை விடுவிக்கக் கையை வைத்திருக்கும்போது கரண்ட் வந்தால் பழைய மிஷின் தானாக ஓட ஆரம்பிக்கும். சாதாரண ஆன் ஆஃப் சுவிட்சைக் கழற்றிவிட்டு மேக்னெட்டிக் சுவிட்ச் போடுங்கள். கரண்ட் போனால் அது விழுந்துவிடும், திரும்பப் பச்சைப் பொத்தானை அழுத்தினால்தான் ஓடும். வோல்டேஜ் இறங்கும் நேரத்தில் மோட்டார் திணறும், பிளேடு வேகம் குறையும். நீங்கள் அதே வேகத்தில் தள்ளினால் மறுபடி வயிறுதான். விளக்கு மங்கினால் கையை மெதுவாக்குங்கள்.

மோல்மீன் அறுப்பு

நல்ல பேச்சு. ஆணி விஷயத்தை மறுபடி சொல்கிறேன், ஏனென்றால் புது பிளேடை முதல் அடியிலேயே கெடுக்கக் கூடாது. வலுவான காந்தத்தை நூலில் கட்டித் தூணின் நான்கு முகத்திலும் தொங்கவிட்டு இழுத்துப் பாருங்கள். மேலே தலை தெரியாமல் உள்ளே முறிந்து நிற்கும் ஆணிக்குச் சின்ன மெட்டல் டிடெக்டர் இருந்தால் நல்லது. முகத்தில் மைக்கறை மாதிரி கறுப்பு வட்டம் தெரிந்தால் அங்கே இரும்பு இருந்தது அல்லது இருக்கிறது, சந்தேகமாக இருந்தால் உளியால் தோண்டிப் பாருங்கள்.

அப்புறம், 4 நூல் பலகை வேண்டும் என்றால் 5 நூலாக அறுங்கள். அறுத்ததும் பலகை தானாகவே கொஞ்சம் வளையும், அது மிஷின் கோளாறு இல்லை, மரத்துக்குள் இருந்த இறுக்கம் விடுகிறது. ஒவ்வொரு பலகை எடுத்ததும் தூணின் அறுத்த முகத்தை இழைத்துச் சமமாக்கிவிட்டு, அந்தச் சமமான முகத்தை ஃபென்ஸில் வைத்து அடுத்ததை அறுங்கள். இழைக்காமல் அறுத்துக்கொண்டே போனால் முதல் பலகையில் வந்த கோணல் கடைசி வரை தொடரும். எந்தப் பலகைக்கு அடுத்து எந்தப் பலகை என்று முனையில் எண் போடுங்கள், ஜோடி சேர்க்கும்போது தேடாமல் இருக்கலாம்.

2014 ஏப்ரலில் உருண்டை மர ஏற்றுமதியை நிறுத்தினார்கள், அதற்குப் பிறகு பெகு யோமா மலைக்காடுகளில் 10 வருஷத்துக்கு வெட்டக் கூடாது என்றார்கள், அப்படியும் இந்தத் தூணைப் போல முதிர்ந்த மரம் நம் கைக்கு வருவது குறைந்துகொண்டேதான் போகிறது. இதில் கால் நூல் வீணாவதும் எனக்கு மனசு ஆறாது.

சிரியம் பட்டறை

பிளேடு வந்தது. ஐயா சொன்ன வரிசையிலேயே செய்தேன். கீழ்ச் சக்கரத்து ரப்பரில் மூன்று இடத்தில் தூள் கட்டியாக இறுகியிருந்தது, சுரண்டி எடுத்தேன். காலிப்பரில் 0.09 வரை இழுத்தேன், ஸ்கேல் முள் 6 நூல் பிளேடுக்கான கோட்டையும் தாண்டிப் போய் நிற்கிறது, பெகு தம்பி சொன்னது எவ்வளவு சரி. தூணில் இரண்டு ஆணி கிடைத்தது, ஒன்று ஒன்றரை அங்குலம் உள்ளே. டேபிளைத் திருப்ப வேண்டியிருந்தது, பள்ளத்துக்கும் பிளேடுக்கும் நல்ல வித்தியாசம்.

முதல் பலகை மேல், நடு, கீழ் மூன்றிலும் 5 நூல், ஃபென்ஸை விட்டு விலகவே இல்லை. ஒரே ஒரு சந்தேகம். அறுத்த முகத்தில் சீரான இடைவெளியில் மெல்லிய வரி வரியாக விழுகிறது, அரை நூலுக்கு ஒன்று. விரலில் தட்டுப்படுகிறது. இது எதனால்?

பெகு வெல்டிங்

அது பிளேடின் மூட்டு அண்ணே. உங்கள் பிளேடு 93 அரை அங்குல நீளம் இருக்கும், நிமிடத்துக்கு 3000 அடி வேகம் என்று வைத்தால் மூட்டு நொடிக்கு 6 தடவைக்குக் கொஞ்சம் மேல் மரத்தைக் கடக்கிறது. ஒவ்வொரு தடவையும் ஒரு கீறல். இன்னும் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், வரிகள் நெருங்கினால் மூட்டுதான் என்று உறுதி.

மிஷினை நிறுத்தி, மூட்டை விரல் நகத்தால் தடவுங்கள், மேடு தட்டும். மெல்லிய அரத்தால் இரண்டு முகத்திலும் அந்த மேட்டை மட்டும் தேய்த்து எடுங்கள், பிளேடின் நீளவாக்கில். குறுக்கே தேய்த்தால் அந்தக் கீறலிலிருந்தே வெடிப்பு ஆரம்பிக்கும். முதுகில் படி இருந்தால் அதையும் எடுங்கள், இல்லையென்றால் தாங்கு பேரிங்கில் ஒவ்வொரு சுற்றும் டக் டக் என்று அடிக்கும். சாணைக்கல் துண்டு ஒன்றைப் பிளேடு ஓடும்போது முதுகில் லேசாகப் பிடித்து இரண்டு மூலையையும் உருட்டிவிட்டால் வளைவு வெட்டிலும் நன்றாகத் திரும்பும். தூள் இல்லாமல் டேபிளையும் கீழ்ப் பெட்டியையும் துடைத்துவிட்டுச் செய்யுங்கள், பொறி பறக்கும்.

பிளேடு அறுந்தால் எறியாதீர்கள், கொண்டு வாருங்கள். இரண்டு முனைகளையும் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்துச் சேர்த்தே சரிவாகத் தேய்ப்பேன், அப்போது கோணம் பிசகினாலும் இரண்டும் பொருந்தும். வெண்காரம் போட்டு வெள்ளிப் பற்று வைத்தால் மூட்டு பிளேடின் கனத்துக்கே வரும். 1846-ல் ஆன் போலின் கிரெப்பான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி பிளேடை நம்பகமாக ஒட்டும் முறையைக் கண்டுபிடித்த பிறகுதான் இந்த மிஷினே நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் காகிதத்தில் இருந்தது, மூட்டு தாங்கவில்லை. ஆகவே மூட்டுக்குக் கவனம் கொடுங்கள்.

சிரியம் பட்டறை

தேய்த்துவிட்டேன், வரி பெரும்பாலும் போய்விட்டது, மிச்சத்தை இழைப்புளி ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறது. மீதித் தூண்களை நாளை கரண்ட் வரும் நேரம் பார்த்துத் தொடங்குகிறேன். இரவில் டென்ஷனைத் தளர்த்த வேண்டுமா?

மோல்மீன் அறுப்பு

மறுநாளும் அறுக்கப் போகிறீர்கள் என்றால் அப்படியே விடுங்கள். சில நாள் மிஷின் சும்மா கிடக்கும் என்றால் தளர்த்துங்கள், இல்லையென்றால் ரப்பரில் பள்ளம் விழும், ஸ்பிரிங்கும் சோரும். தளர்த்திய மிஷினில் ஒரு அட்டையை எழுதித் தொங்கவிடுங்கள், வேறு யாராவது பார்க்காமல் ஓடவிட்டால் பிளேடு கழன்று வரும். மழை மாதங்களில் டேபிளுக்கு மெழுகு தேய்த்து வையுங்கள், எங்கள் பக்கம் ஒரே இரவில் துரு ஏறுகிறது. பிளேடில் பிசின் பிடித்திருந்தால் மண்ணெண்ணெயில் துடைத்து, உலர்ந்த பிறகு மாட்டுங்கள்.